ஆற்றுக்குத் தெற்கே ஒரே ஒரு தெரு

கடைசி ரயில் துப்பிவிட்டுப் போனதையெல்லாம்
துடைத்து முடிக்க இரண்டரை ஆகும்.
நடைமேடை ஈரம் காயும் வரை
லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் எங்கள் நால்வருடையது.

துடைப்ப அறையில், கவிழ்த்த வாளி மேல்
டெரி ஸ்பர்லிங் பலகையை விரிப்பான்.
நடுமடிப்பு கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டிய லண்டன்.
தொப்பிக் காய் தொலைந்துபோனதால் அவனுக்குச் சட்டைப் பொத்தான்.
ராடெக்குக்குக் கார். எனக்கு நாய்க்குட்டி.
எஃபுவா என்றைக்கும் இஸ்திரிப் பெட்டி.
‘பகலெல்லாம் ஓட்டல் போர்வை தேய்ப்பது போதாதா?’
‘இதுக்குச் சூடு இல்லையே, சும்மா நகரும்.’

பலகையில் எங்கள் நிலையம் இருநூறு பவுண்டு.
நிலையத்தின் மேல் வீடு கட்டக்கூடாது,
அது விதி.
எங்கள் தலைக்கு மேலே
அடுக்கடுக்காய்க் கண்ணாடி,
ஆளில்லாத நாற்காலிகளுக்கு இரவு முழுக்க விளக்கு.

மேஃபேரில் ராடெக் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறான்.
அங்கே குப்பைத்தொட்டிக்கும் பித்தளைப் பிடி என்பான்.
நாங்கள் நம்புவோம், நம்பாமலும் இருப்போம்.

இந்தப் பலகையில் ஆறு கிடையாது.
பாலம் இல்லை, சேறு இல்லை, கடல்காகம் இல்லை.
வடகரையை மட்டும் வளைத்து மூடிய ஊர்.
தென்கரைக்கு ஒரே ஒரு தெரு,
ஓல்ட் கென்ட் ரோடு.
புறப்படும் கட்டத்துக்கு அடுத்த கட்டம்தான்,
இருந்தும் முதல் உருட்டலில் யாரும் அங்கே இறங்க முடியாது:
இரண்டு பகடையில் ஒன்று விழாது.
எஃபுவா இதைக் கண்டுபிடித்த இரவு
சிரித்த சிரிப்பில் வாளி சரிந்தது.
‘எங்க தெருவுக்கு ஏன் பஸ் வருவதில்லைன்னு
இப்பல்ல தெரியுது!’

பக்கத்துப் பழுப்பு, ஒயிட்சாப்பல் ரோடு, என்னுடையது.
விளையாட்டில் மட்டுமில்லை;
மீன்கடைக்கு மேலே இரண்டாம் மாடி,
ஆறு பேர், ஒரு குழாய்.

அன்றைக்கு ராடெக் இரண்டையும் கேட்டான்.
அறுபது, அறுபது. அடிமாட்டு விலை,
அவன் சொன்னதில்லை, பலகையே அச்சடித்தது.
நாங்கள் பேசவில்லை.
ஃபென்சர்ச் நிலையம் சேர்த்துத் தருகிறேன் என்றான்.
ரீஜென்ட் ஸ்ட்ரீட்டும்.
பிறகு குரல் தாழ்த்தி,
ஞாயிற்றுக்கிழமைக் கழிவறை முறையை
மாசம் முழுக்க நானே பார்க்கிறேன் என்றான்.
நான் அசைந்துவிட்டேன், பொய் சொல்வானேன்.
அவள் அசையவில்லை.

அவள் பையில் அந்த வாரக் கடிதம் இருந்தது.
வரப்போகும் கட்டடத்தின் படம்,
நிழல் விழாத மரங்கள்,
நிழல் விழாத வெள்ளை மனிதர்கள்.
‘மாற்று இருப்பிடம்’ என்ற வரியை
டெரி இரண்டு முறை படித்துக் காட்டினான்.
ஃபென்சர்ச்சில் ஏறினால் ஒரு மணி நேரம்,
கடல் வாடை அடிக்கும் ஊர்.
‘நல்ல காற்று’ என்றான்.
அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை.

மூன்று சுற்றில் அவள் திவால்.
காசில்லாமல், தெருவைக் கொடுக்காமல்,
இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.
அட்டைகளை யாரும் எண்ணி வாங்கவில்லை.

மறுநாள் பெட்டியில் ஓல்ட் கென்ட் ரோடு இல்லை.
நாங்கள் கூரையைப் பார்த்தோம், பகடையைப் பார்த்தோம்.
டெரி தேயிலை டப்பா அட்டையைக் கத்தரித்து,
பழுப்புப் பேனா கிடைக்காமல் பச்சையில் பட்டை தீட்டி,
தெருப்பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி எழுதினான்.
வாடகை: இரண்டு.
ஏலம் விடாமல் அவள் முன்னால் வைத்தான்.

முழு வட்டம் சுற்றி
ராடெக்கின் கார்தான் முதலில் அங்கே வந்து நின்றது.
காகித நோட்டைப் புரட்டினான்.
கீழே வைத்தான்.
மேலங்கிப் பைக்குள் கைவிட்டு
நிஜமான ஒரு பவுண்டு நாணயம்,
துழாவி, இன்னொன்று.

‘பஸ்ஸில் இப்பல்லாம் காசு வாங்குறதில்லை’ என்றாள்,
வாங்கிக்கொண்டாள்.